தூளில் ஓடியது, எக்ஸ்ட்ரூடேட்டில் ஏன் ஓடவில்லை? சியோலைட் வினையூக்கியில் பைண்டர் வழியாகப் பிழை தேடுவது

சியோலைட் (நுண்துளைகள் நிறைந்த அலுமினோசிலிக்கேட் படிகம்) தூளை அழுத்தி, நொறுக்கி, சலித்து ஆய்வகத்தில் வினையூக்கியாக ஓட்டும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. அதே தூளை அலுமினா, சிலிக்கா போன்ற பைண்டரோடு பிசைந்து, அச்சு வழியே சிறு உருளைகளாக, அதாவது எக்ஸ்ட்ரூடேட்டாக இழுத்து, சுட்டு, ரியாக்டரில் நிரப்பியதும் எண்கள் மாறிவிடுகின்றன. உடனே பலரும் சியோலைட் தயாரித்த தொகுதியைத்தான் குறை சொல்லி, திரும்பத் திரும்ப எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர்ச் சோதனை) எடுத்துக்கொண்டிருப்பார்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது பைண்டரை என்பது என் உறுதியான கருத்து. வெறும் ஒட்டுப் பொருள் என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதால்தான் மாதக்கணக்கில் வேலை வீணாகிறது. ஈரத்திலும் சூட்டிலும் பைண்டர் சியோலைட்டோடு வினை புரிகிறது. சோடியத்தைக் கொடுக்கும், அலுமினியத்தைக் கொடுக்கும், துளை வாயை மூடும், பிளாட்டினத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் பெரும்பாலும் இசட்எஸ்எம்-5 என்ற சியோலைட் மேல் நடக்கும் டொலுவீன் டிஸ்ப்ரொபோர்ஷனேஷன். இரண்டு டொலுவீன் மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு பென்சீனும் ஒரு சைலீனும் ஆகும் வினை. சைலீன் ஐசோமராக்கமும் (ஒரு சைலீன் வடிவம் இன்னொன்றாவது) இடையிடையே வரும். மோர்டெனைட், பீட்டா போன்ற மற்ற சியோலைட்டுகளுக்கும் தேடும் முறை இதேதான்.

எதையும் தொடும் முன் நான்கு மாதிரிகள்

இதைச் செய்யாமல் கீழே உள்ள எந்த அறிகுறியையும் சரியாகப் படிக்க முடியாது. நான்கு மாதிரிகளையும் ஒரே துகள் அளவில், உதாரணமாக 0.2 முதல் 0.4 மி.மீ. வரை, சலித்து எடுங்கள்:

- சியோலைட் மட்டும்.
- பைண்டர் மட்டும், எக்ஸ்ட்ரூடேட் போலவே பிசைந்து சுட்டது.
- தனித்தனியே சுட்ட சியோலைட் துகள்களையும் பைண்டர் துகள்களையும் ரியாக்டரில் கலந்து போட்டது. தூளாகக் கலந்து அழுத்தக் கூடாது.
- எக்ஸ்ட்ரூடேட்டை நொறுக்கியது.

மூன்றாவதும் நான்காவதும் ஒத்துப்போனால் பைண்டர் நீர்த்துப்போகச் செய்ததைத் தவிர வேறு எதையும் செய்யவில்லை. ஒத்துப்போகாவிட்டால், பிசையும்போதோ சுடும்போதோ இரண்டுக்கும் நடுவே வேதியியல் ஏதோ நடந்திருக்கிறது. அப்புறம், நொறுக்கிய எக்ஸ்ட்ரூடேட் ஒரு எண்ணும் முழு எக்ஸ்ட்ரூடேட் வேறு எண்ணும் கொடுத்தால் அது விரவல் சிக்கல், அதாவது மூலக்கூறுகள் துகளுக்குள் போய்வரத் திணறுகின்றன.

ஒப்பிடும்போது ஊட்ட வேகத்தை வினையூக்கியின் மொத்த எடைக்குப் போடாமல், அதிலுள்ள உலர்ந்த சியோலைட்டின் எடைக்குப் போடுங்கள். இங்கேதான் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. அலுமினா பைண்டராக நாம் எடுப்பது பெரும்பாலும் சூடோபோமைட் என்ற நீரேறிய அலுமினா. அதைச் சுட்டால் எடையில் கால் பங்குக்கு மேல் நீராகப் போய்விடும். 70 கிராம் உலர்ந்த சியோலைட்டோடு 30 கிராம் சூடோபோமைட் சேர்த்து, அதில் அலுமினா 72 சதவீதம் என்றால், சுட்ட பிறகு இருக்கும் சியோலைட் 76 சதவீதம், 70 அல்ல. சியோலைட் தூளும் அலமாரியில் இருக்கும்போதே காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். இரண்டுக்கும் சூட்டில் ஏற்படும் எடை இழப்பை அன்றன்றைக்கே அளந்துவிடுங்கள். "எக்ஸ்ட்ரூடேட்டில் செயல்திறன் கூடிவிட்டது" என்று வரும் செய்திகளில் சில இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

அறிகுறி: நீர்த்த அளவைவிட மாற்றம் (வினைப்பட்ட டொலுவீனின் பங்கு) மிகவும் குறைந்துவிட்டது

முதலில் பார்க்க வேண்டியது சோடியம். கூழ்ம சிலிக்காவைப் பைண்டராகப் பயன்படுத்தியிருந்தால் அதன் புட்டியைப் பாருங்கள். சோடியத்தால் நிலைப்படுத்தியதா, அம்மோனியாவால் நிலைப்படுத்தியதா? 40 சதவீத சிலிக்கா உள்ள ஒரு வழக்கமான சோடியம் வகையில் சோடியம் ஆக்சைடு சுமார் 0.4 சதவீதம் இருக்கும். கேட்க அற்பமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலர்ந்த சிலிக்காவில் அது ஏறக்குறைய 1 சதவீதம். எக்ஸ்ட்ரூடேட்டில் சிலிக்கா 30 சதவீதம் என்றால், ஒரு கிராமுக்கு சுமார் 0.1 மில்லிமோல் சோடியம். சிலிக்கன்-அலுமினிய விகிதம் 40 உள்ள இசட்எஸ்எம்-5இல் கிராமுக்கு சுமார் 0.4 மில்லிமோல் அமிலத் தளங்கள் உண்டு. 70 சதவீத சியோலைட் உள்ள எக்ஸ்ட்ரூடேட்டில் அது 0.28 ஆகிறது. ஒரு சோடியம் ஒரு புரோட்டானின் இடத்தைப் பிடிக்கும். அப்படியானால் தளங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடலாம். சியோலைட்டில் அலுமினியம் குறையக் குறைய இந்தப் பங்கு இன்னும் கூடும்.

சோடியம் பைண்டரிலேயே தங்கிவிடும் என்று நம்ப வேண்டாம். பிசையும் கட்டத்தில் நீர் வழியாகவும், சுடும்போது திடநிலை அயனிப் பரிமாற்றம் வழியாகவும் அது சியோலைட்டுக்குள் போய்விடும். களிமண் பைண்டரிலும் இதே கதைதான். பென்டோனைட்டில் சோடியம், கால்சியம், மக்னீசியம் என்று பரிமாற்றத்துக்குத் தயாராகவே இருக்கும் அயனிகள் ஏராளம். கயோலினில் அவ்வளவு இல்லை என்பதால் அது ஒப்பளவில் சாது.

சோதனை எளிது. எக்ஸ்ட்ரூடேட்டைக் கரைத்து ஐசிபியில் (தனிமங்களின் அளவைக் காட்டும் கருவி) சோடியம் பாருங்கள், மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களோடு திரும்பப் போடுங்கள். தீர்வும் இருக்கிறது. சுட்ட எக்ஸ்ட்ரூடேட்டை 1 மோலார் அம்மோனியம் நைட்ரேட்டில் 70 முதல் 80 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று முறை பரிமாற்றம் செய்து, கனிமம் நீக்கிய நீரில் நன்றாகக் கழுவி, மறுபடி சுடுங்கள். கழுவுவதில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். அம்மோனியம் நைட்ரேட் மிஞ்சிய பொருளைச் சூளையில் வைப்பது ஆபத்தான காரியம். அடுத்த தொகுதிக்கு அம்மோனியா வகைக் கூழ்ம சிலிக்காவை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையின் பெரும்பகுதி போய்விடும்.

சோடியம் குறைவாகவே இருந்தும் மாற்றம் விழுந்திருந்தால், சுட்ட விதத்தைப் பாருங்கள். பச்சை, அதாவது இன்னும் சுடாத, எக்ஸ்ட்ரூடேட்டில் தண்ணீர் நிறைய இருக்கும். ஆழமான தட்டில் குவித்து வேகமாகச் சூடேற்றினால், வெளியேற வழியில்லாத நீராவி சியோலைட்டைத் தானாகவே ஆவிப்பதம் செய்து, சட்டகத்திலிருந்து அலுமினியத்தை வெளியே தள்ளும். அதே பச்சை எக்ஸ்ட்ரூடேட்டில் ஒரு கைப்பிடியை மெல்லிய அடுக்காகப் பரப்பி, உலர்ந்த காற்று ஓடவிட்டு, நிதானமாகச் சூடேற்றிச் சுட்டுப் பாருங்கள். செயல்திறன் திரும்பினால் குற்றவாளி சூளைதான்.

அலுமினாவுக்கு இன்னொரு வழியும் உண்டு. பெப்டைசேஷனுக்கு (அலுமினாவை அமிலத்தால் கூழாக்குவதற்கு) நைட்ரிக் அமிலம் கூடுதலாக ஊற்றினால் அலுமினாவில் ஒரு பகுதி கரைந்து அலுமினிய நேரயனிகளாகிறது. அவை சியோலைட்டின் பரிமாற்றத் தளங்களில் போய் உட்கார்ந்து பிரான்ஸ்டட் அமிலத்தை (புரோட்டான் தரும் தளங்களை) குறைக்கும். பெயரளவுக்கு அலுமினியம் கூடியிருக்கும், வேலை செய்யும் புரோட்டான் குறைந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். அம்மோனியா டிபிடியை (ஏற்றிய அம்மோனியா சூட்டில் எவ்வளவு வெளிவருகிறது என்று பார்க்கும் சோதனை) மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அலுமினாவும் அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும். பிரான்ஸ்டட் தளங்கள் பாதியாகியிருக்கும் மாதிரியிலும் மொத்த அம்மோனியா கூடியதாகக் காட்டலாம். பிரிடினை ஏற்றி அகச்சிவப்பு நிறமாலை எடுங்கள்: 1545 செ.மீ.⁻¹ அருகே பிரான்ஸ்டட், 1450 அருகே லூயிஸ் (எலக்ட்ரான் இணையை ஏற்கும் தளம்). அலுமினா பைண்டர் உள்ள மாதிரியில் லூயிஸ் பட்டை பெரிதாகவே வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். டொலுவீன் வினைக்குக் கணக்கு 1545தான். அலுமினியம் என்எம்ஆரிலும் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) இதே கவனம் தேவை. சியோலைட் சட்டகத்தின் நான்முகி அலுமினியம் 55 பிபிஎம் அருகே வரும். காமா அலுமினாவின் நான்முகி அலுமினியம் அதற்குச் சற்று மேலே அகலமாக நிற்கும். சட்டகத்தை விட்டு வெளியேறிய அலுமினியமும் அலுமினாவின் எண்முகி அலுமினியமும் 0 முதல் 10 வரையான பகுதியில் ஒன்றின் மேல் ஒன்று விழும். அதனால் அலுமினா பைண்டர் உள்ள மாதிரியில் 0 அருகே ஒரு முகடு தெரிகிறது என்பதை மட்டும் வைத்து "அலுமினியம் கழன்றுவிட்டது" என்று எழுதுவது செல்லாது.

அறிகுறி: செயல்திறன் எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டது

கூடினால் நல்லதுதானே என்று விட்டுவிடக் கூடாது. அரோமாட்டிக் வினைகளில் கூடுதல் அமிலம் என்றால் கூடுதல் ஒன்பது கார்பன், பத்து கார்பன் கனச் சேர்மங்கள், கூடுதல் கோக் (வினையூக்கியில் படியும் கரி).

எடைக் கணக்கு சரி என்று உறுதியான பிறகு, இங்கே முதல் சந்தேகம் அலுமினியச் செருகல். சிலிக்கா மிக அதிகமுள்ள இசட்எஸ்எம்-5ஐ அலுமினாவோடு எக்ஸ்ட்ரூட் செய்து சுட்டால் செயல்திறன் எகிறுவதை மொபில் எண்ணெய் நிறுவன ஆய்வாளர்கள் 1980களிலேயே காட்டினார்கள். ஈரத்தின் துணையோடு பைண்டரின் அலுமினியம் நகர்ந்து, சியோலைட் சட்டகத்தில் உள்ள குறைபாடுகளில் புகுந்து, புதிய பிரான்ஸ்டட் தளமாகிவிடுகிறது. தளங்கள் ஏற்கெனவே நிறைய உள்ள சியோலைட்டில், அதாவது சிலிக்கன்-அலுமினிய விகிதம் 15, 25 என்று இருந்தால், இந்த விளைவு கண்ணில் படாது. விகிதம் பல நூறு, ஆயிரம் என்று போகும்போது, செருகப்பட்ட சில தளங்களே மொத்த எண்ணைப் புரட்டிப் போட்டுவிடும்.

உறுதிசெய்ய, அதே சியோலைட்டைச் சிலிக்காவோடு எக்ஸ்ட்ரூட் செய்து சோடியத்தையும் நீக்கி ஓட்டுங்கள். உயர்வு காணாமல் போனால் அலுமினாதான் காரணம். ஹெக்சேன் பிளவு வினையை 538 டிகிரியில் வைத்து அளக்கும் ஆல்பா சோதனை இதற்கு மிகவும் பொருத்தமானது, சின்ன மாற்றத்தையும் அது காட்டிக்கொடுக்கும். புதிய தளங்கள் வேண்டாம் என்றால் சிலிக்காவுக்கு மாறுங்கள், அல்லது சுடும்போது ஈரத்தை விரைவாக வெளியேற்றுங்கள். அலுமினா பைண்டரோடு நீராவிப் பதம் செய்வதாக இருந்தால், அதே படியில் அலுமினியம் கழல்வதும் செருகுவதும் ஒன்றாக நடக்கும் என்பதை மறக்காதீர்கள். தூளில் தேர்ந்தெடுத்த நீராவி நேரம் எக்ஸ்ட்ரூடேட்டுக்கு அப்படியே பொருந்தாது.

அறிகுறி: பாரா சைலீன் தேர்வுத்திறன் (சைலீன்களில் பாராவின் பங்கு) சரிந்துவிட்டது

இசட்எஸ்எம்-5இன் துளை சுமார் 5.5 ஆங்ஸ்ட்ராம். பாரா சைலீன் அதில் எளிதாக நழுவி வெளியே வரும். மற்ற இரண்டு சைலீன் ஐசோமர்களான ஆர்த்தோவும் மெட்டாவும் திணறும். ஆனால் வெளியே வந்த பாரா, படிகத்தின் வெளிப்பரப்பில் உள்ள ஒரு அமிலத் தளத்தைத் தொட்டால் மறுபடி ஐசோமராகி, சமநிலைக் கலவையான சுமார் 24 சதவீத பாராவை நோக்கிப் போய்விடும். வெளிப்பரப்பைச் செயலிழக்கச் செய்த வினையூக்கியில் சைலீன்களில் பாரா 80, 90 சதவீதம் வரை கிடைப்பது அதனால்தான். எக்ஸ்ட்ரூட் செய்த பிறகு அது 50, 40 என்று இறங்கினால், வெளிப்பரப்பில் புதிதாக அமிலம் முளைத்திருக்கிறது என்று பொருள்.

அலுமினா பைண்டர் படிகத்தின் வெளிப்புறத்தைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. நகரும் அலுமினியம் முதலில் இறங்கும் இடமும் அதுவே. அதனால் பாராவைக் குறிவைக்கும் வினையூக்கிக்கு அலுமினா பைண்டர் என்றாலே எனக்குத் தயக்கம். இந்த வேலைக்குச் சிலிக்காதான் சரி.

இன்னொரு காரணம் வரிசை. சிலர் தூளிலேயே டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட்டால் சிலிக்கா பூச்சு கொடுத்து, நல்ல தேர்வுத்திறன் கண்டபின் எக்ஸ்ட்ரூட் செய்கிறார்கள். பிசையும் இயந்திரத்தின் அழுத்தம் படிகத் திரள்களை உடைத்து, பூச்சில்லாத புதிய முகங்களை வெளியே காட்டிவிடும். முதலில் எக்ஸ்ட்ரூட் செய்யுங்கள், சுடுங்கள், சோடியத்தை நீக்குங்கள், அப்புறம் பூச்சுக் கொடுங்கள். சிலிக்கா பூச்சு இல்லாமல் கோக்காலேயே வெளிப்பரப்பை மூடும் வழியும் உண்டு. மொபிலின் எம்எஸ்டிடிபி என்ற டொலுவீன் டிஸ்ப்ரொபோர்ஷனேஷன் முறையில் ரியாக்டருக்குள்ளேயே, உற்பத்தி தொடங்கும் முன், திட்டமிட்டுக் கோக் படியவைப்பார்கள்.

வெளிப்பரப்பு அமிலத்தை அளக்க, துளைக்குள் நுழைய முடியாத மூலக்கூறு வேண்டும். 1,3,5-ட்ரைஐசோபுரொப்பைல்பென்சீன் பிளவு வினை நல்ல தேர்வு. அகச்சிவப்பில் பார்ப்பதென்றால் பிரிடினுக்குப் பதில் 2,6-டைடெர்ட்பியூட்டைல்பிரிடின். தூளிலும் நொறுக்கிய எக்ஸ்ட்ரூடேட்டிலும் இரண்டையும் செய்து, சியோலைட் எடைக்கு ஒப்பிடுங்கள்.

ஒரு குழப்பத்தையும் தவிர்க்க வேண்டும். மாற்றம் கூடும்போது பாரா பங்கு தானாகவே குறையும். ஒரே மாற்ற அளவில் இல்லாத இரண்டு பாரா எண்களை ஒப்பிடுவதில் பயனே இல்லை. ஊட்ட வேகத்தை மாற்றி இரண்டையும் ஒரே மாற்றத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் பேசுங்கள்.

அறிகுறி: சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது

களிமண் பைண்டர் என்றால் இரும்பைப் பாருங்கள். இயற்கைக் களிமண்ணில் இரும்பு எப்போதும் இருக்கும், அது ஹைட்ரஜன் நீக்க வினைகளைத் தூண்டிக் கோக்கை வளர்க்கும். அமிலத்தில் கழுவிய களிமண் ஓரளவு உதவும்.

அலுமினாவைப் பற்றி இரண்டு விதமாகவும் சொல்லலாம், இரண்டும் உண்மை. அதன் லூயிஸ் தளங்கள் கோக் முன்னோடிகளைப் பிடித்துவைக்கும். மறுபுறம், சியோலைட்டிலிருந்து வெளியேறும் கனமான சேர்மங்கள் துளை வாயில் தேங்காமல் பைண்டரின் அகலமான துளைகளுக்குப் போய்ப் படிந்தால் சியோலைட் அதிக நாள் உயிரோடு இருக்கும். ஆகவே கோக்கின் மொத்த எடையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சோர்ந்த மாதிரியில் மைக்ரோ துளைக் கன அளவு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று நைட்ரஜன் உறிஞ்சலில் பாருங்கள். கோக் நிறைய இருந்தும் மைக்ரோ துளை காலியாக இருந்தால் கோக் பைண்டரில் இருக்கிறது. கொஞ்சக் கோக்கிலேயே மைக்ரோ துளை போய்விட்டால் அது துளை வாயில் உட்கார்ந்திருக்கிறது.

புதிய மாதிரியிலேயே மைக்ரோ துளைக் கன அளவு, தூளின் அளவை சியோலைட் பங்கால் பெருக்கி வரும் எண்ணைவிடக் குறைவா? அப்படியென்றால் கோக் வருவதற்கு முன்பே பைண்டர் துளை வாய்களை மூடியிருக்கிறது. மிக நுண்ணிய கூழ்மத் துகள்களும் அதிகமாகக் கரைந்த அலுமினாவும் இதைச் செய்யும்.

முழு எக்ஸ்ட்ரூடேட் மட்டும் சோர்ந்து, நொறுக்கியது தாக்குப்பிடித்தால் விரவலைச் சரிசெய்யுங்கள். 1.6 மி.மீ. உருளைக்குப் பதில் மூவிதழ் வடிவ அச்சு, பிசையும்போது அமிலம் குறைப்பு, சுடும்போது எரிந்து துளையாகும் மெத்தில்செல்லுலோஸ் போன்ற சேர்மானம் ஆகியவை வழக்கமான வழிகள்.

அறிகுறி: ஐசோமராக்கத்தில் வளையங்கள் காணாமல் போகின்றன, இலகு வாயு கூடுகிறது

இது பிளாட்டினம் சேர்த்த வினையூக்கிகளுக்கு. சைலீன் ஐசோமராக்கத்தில் எத்தில்பென்சீனிலிருந்து கழலும் எத்திலீனை உடனே ஈத்தேனாக்கத்தான் பிளாட்டினம். அது அளவுக்கு மீறி வேலை செய்தால் பென்சீன் வளையத்தையே ஹைட்ரஜனேற்றம் செய்துவிடும், அப்புறம் அமிலத் தளம் அதைப் பிளந்து வாயுவாக்கும்.

பிளாட்டினம் எங்கே போய் உட்காரும் என்பதைப் பைண்டரும் உப்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. குளோரோபிளாட்டினிக் அமிலத்தின் எதிரயனி, அமிலக் கரைசலில் நேர்மின் ஏற்கும் அலுமினாவில் நன்றாக ஒட்டும். டெட்ராஅம்மைன் பிளாட்டினம் நேரயனி என்பதால் சியோலைட்டுக்குள் அயனிப் பரிமாற்றமாகப் போகும். சிலிக்கா பைண்டர் எக்ஸ்ட்ரூடேட்டில் குளோரோபிளாட்டினிக் அமிலத்தை ஊற்றினால் பிடிக்க ஆளில்லாமல், உலர்த்தும்போது கரைசலோடு நகர்ந்து விளிம்பில் திரண்டுவிடும். இட வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதை 2015இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று ஒய் சியோலைட்–அலுமினா இணையில் காட்டியது. நீண்ட சங்கிலி அல்கேன்களை ஹைட்ரஜன் சூழலில் பிளக்கும் வினையில், பிளாட்டினம் சியோலைட்டுக்குள் இருப்பதைவிட அலுமினா பைண்டரில் இருந்தபோது தேர்வுத்திறன் மேலாக இருந்தது. வினை வேறு என்றாலும் பாடம் இங்கேயும் பொருந்தும்.

சோதிக்க, உள்ளே போன வளையங்களின் மோலையும் வெளியே வந்தவற்றின் மோலையும் கணக்கிடுங்கள். எடைச் சமநிலை மட்டும் இதைக் காட்டாது. இழப்பு தொடக்கத்தில் மட்டும் என்றால் கொஞ்சம் கந்தகமேற்றிப் பிளாட்டினத்தை அடக்கலாம். தொடர்ந்தால் உப்பையோ பைண்டரையோ மாற்றுவதுதான் வழி. 1980களில் பூனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பால் ரத்னசாமி குழு உருவாக்கிய என்சிலைட் வினையூக்கி, பரோடாவில் சைலீன் ஐசோமராக்கத்துக்குப் போனது. நம் நாட்டிலேயே சியோலைட் தூளிலிருந்து ஆலை ரியாக்டர் வரை முழுத் தொலைவையும் நடந்து காட்டியிருக்கிறார்கள். அந்த நடையில் எக்ஸ்ட்ரூடேட் என்பது தவிர்க்க முடியாத ஒரு படி.

அறிகுறி: தூசி, அழுத்த இழப்பு, உடைந்த உருளைகள்

சிலிக்கா பைண்டருக்கு இது பிறவிக் குறை. அலுமினா அமிலத்தில் கரைந்து கூழாகி நன்றாகப் பிணையும். சிலிக்கா அப்படிப் பெப்டைஸ் ஆகாது. பாரா தேர்வுத்திறனுக்காகச் சிலிக்காவைத் தேர்ந்தெடுப்பவர்கள் வலிமைக்குக் கூடுதலாக உழைக்கத்தான் வேண்டும். தூளான சிலிக்காவும் கூழ்ம சிலிக்காவும் கலந்து பயன்படுத்துவது, பிசையும் நேரத்தைக் கூட்டுவது, உலர்த்துவதை மெதுவாக்குவது ஆகியவை பலன் தரும். உடைந்த முகத்தைப் பாருங்கள். நீளவாக்கில் விரிசல் என்றால் பெரும்பாலும் வேகமாக உலர்த்தியதால். மேல்தோல் உரிந்து வருகிறதென்றால் மாவில் ஈரம் சமமாக இல்லை.

உடைவலிமையை ஏஎஸ்டிஎம் டி6175 முறைப்படியும் தேய்மானத்தை டி4058 முறைப்படியும் அளங்கள். சராசரி எண்ணோடு நிறுத்தாமல் மிகக் குறைந்த வலிமையுள்ள உருளைகள் எத்தனை என்றும் பாருங்கள், படுகையில் தூசி அவற்றிலிருந்துதான் தொடங்குகிறது. நைட்ரிக் அமிலம் அதிகம் சேர்த்து வலிமையைக் கூட்டினால் துளைகள் இறுகி, முன்பு சொன்ன விரவல் சிக்கலும் பரிமாற்றத் தளச் சிக்கலும் திரும்ப வரும். ஆகவே வலிமையை மாற்றிய ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு மாதிரிச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். கோக் எரித்து மீட்ட பிறகும் உடைவலிமையை ஒருமுறை பார்க்க வேண்டும். புதியதில் தேறிய உருளை, எரிப்பின் சூட்டையும் நீராவியையும் தாங்கியபின் தேறாமல் போகலாம்.